டாக்கீஸ் பார்க்காத படம்

ஒரு சினிமாவை வசனம் பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரே சினிமாவை வருஷக்கணக்கில், காலையும் மாலையும் கேட்டு, அதில் வரும் இருமல் தும்மல்கூட மனப்பாடமாகி, ஒரு காட்சியைக்கூடக் கண்ணால் பார்க்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அவரை டாக்கீஸ் என்போம். லைசென்ஸில் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை.

பஸ் விடிந்தும் விடியாமலும் சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கிளம்பும். போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி, சூளகிரி என்று ஆட்களை அள்ளிக்கொண்டு போய் ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி கேட்டில் இறக்கும். நான் அங்கே ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். ஏறுவது போச்சம்பள்ளியில். சொந்த ஊரிலேயே அவ்வளவு பெரிய கம்பெனிகளை வைத்துக்கொண்டு ஓசூருக்கு ஏன் ஓடுகிறாய் என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பதில் ரொம்ப எளிமை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். என் வாழ்க்கையில் லட்சியம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். அந்த லட்சியத்தில்தான் டாக்கீஸ் மண்ணைப் போட்டார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த பஸ் எங்களிடம் வருவதற்கு முன்னால் கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் போய்க்கொண்டிருந்த வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மேலே ஒரு டிவி, அதன் பக்கத்தில் டிவிடி பெட்டி. பழைய முதலாளி ஒரு படத்தைப் போட்டிருக்கிறார், தட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. ரிமோட்டும் தொலைந்துபோயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் அதன் ஒயரை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். சாவியைத் திருப்பினால் என்ஜினும் ஓடும், படமும் ஓடும். சாவியை அணைத்தால் இரண்டும் நிற்கும். மறுபடி திருப்பினால் படம் மறுபடி முதலிலிருந்து. மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பார்த்துவிட்டு, கழற்றினால் தட்டு உடையும் என்றார்.

"ஓடறத எதுக்குங்க கழட்டணும். அது பாட்டுக்கு ஓடட்டும் வுடுங்க" என்று டாக்கீஸ் அவரை அனுப்பிவிட்டார்.

அது ஒரு கருப்பு வெள்ளைப் படம். பெயர் யாருக்கும் தெரியாது. டைட்டில் வரும் இடத்தில் கீறல் விழுந்து, படம் நேராக ஒரு வாத்திலிருந்து ஆரம்பிக்கும். கதாநாயகனைப் பார்த்தால் தெரிந்த முகம் மாதிரி இருக்கும், பெயர் வாயில் வராது. போனில் தேடிப் பார்த்தார்கள். பெயர் தெரியாத படத்தை என்னவென்று தேடுவது? வாத்து, கருப்பு வெள்ளை, பழைய படம் என்று அடித்தால் வாத்துக்கறிக் குழம்பு செய்முறைதான் வந்தது. ஆகவே அதற்கு வாத்துப் படம் என்று நாங்களே பெயர் வைத்தோம்.

கதை இதுதான். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பித்து, செல்ல வாத்தோடு ஓடி வருகிறாள். ஒரு புரோக்கர் அவளுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு விடுகிறான். அதே வீட்டை அதே நாளில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கும் விட்டுவிட்டு ஓடிப்போகிறான். இரண்டு பேரும் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் வீட்டின் நடுவே சாக்பீஸில் ஒரு கோடு. சமையலறை அவள் பக்கம். கிணறு அவன் பக்கம். அவளுக்கு அடுப்பு இருக்கிறது, உலை வைக்கத் தண்ணீர் இல்லை. அவனுக்குத் தண்ணீர் இருக்கிறது, சமைக்க அடுப்பு இல்லை. உட்கார்ந்து பேசினால் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அவர்கள் உட்காரவே மாட்டார்கள். நின்றபடி, நடந்தபடி, ஏணியில் ஏறியபடி, ஒரே சமயத்தில் இரண்டு பேரும் பேசுவார்கள். வாத்து மட்டும் கோட்டை மதிக்காமல் இரண்டு பக்கமும் போய்வரும்.

இந்தப் படத்தை எங்கள் பஸ் பார்த்த விதம்தான் விசேஷம். சாமல்பட்டிக்காரர்கள் முதலிலிருந்து பார்ப்பார்கள். கிருஷ்ணகிரியில் ஏறுகிறவர்கள் ஏறும்போதே சண்டை முற்றியிருக்கும். சாயந்திரம் கம்பெனி கேட்டில் சாவியைத் திருப்பும்போது படம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அவர்கள் கிருஷ்ணகிரியில் இறங்கிவிடுவார்கள். ஆக, அவர்களுக்குக் காலையில் சண்டை, சாயந்திரம் அந்தச் சண்டைக்கான காரணம். சூளகிரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் டூயட் பாடுவதைப் பார்ப்பார்கள். சாயந்திரம் அதே இரண்டு பேர் பாத்திரத்தை வீசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். கல்யாணம் ஆனவர்கள் கதை என்றே சூளகிரியில் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அரை மணிப் படத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அதற்குள் கேட் வந்துவிடும். நாங்கள் இறங்கி, விரலை வைத்துப் பஞ்ச் அடிக்க ஓடுவோம். டாக்கீஸ் காலி பஸ்ஸை ஷெட்டுக்கு ஓட்டிப்போவார். வழியில் படம் முடியும். ஆக, முடிவைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"கடைசில என்னாண்ணா ஆவுது?" என்று சண்முகம் அவரை நச்சரிப்பான். சண்முகம் சாமல்பட்டிக்காரன், எங்கள் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவன்.

"ரெண்டு பேரும் ஒரேயடியா சண்ட போட்டுட்டு, அவன் பொட்டி கட்றான். மழ பேயுது. அப்பறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. வாத்து ஒரு தடவ கத்துது. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. படம் முடிஞ்சிபோச்சி."

"கோட்ட யாரு அழிச்சது?"

"அதுக்கு சத்தம் வரலியேப்பா."

இதுதான் அவருடைய பெரிய குறை. கோட்டை அவன் அழித்தானா, அவள் அழித்தாளா? படத்தில் தும்மலுக்குக்கூடச் சத்தம் வைத்தவர்கள் இதற்கு வைக்கவில்லை. ஷெட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டியதுதானே என்றால், "ஷெட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுது" என்பார். வழியில் ஓரம் கட்டிப் பார்க்கலாமே என்றால், "காலி பஸ்ல ஒத்த ஆளா உக்காந்து சிரிச்சிகிட்டு இருந்தா போறவன் வர்றவன் என்னாத்த நெனைப்பான்?" என்பார்.

பார்க்காத படத்தைப் பற்றி அவருக்கு இருந்த உறுதி, பார்த்த எங்களுக்கு இல்லை. கதாநாயகி நல்ல உயரம், மாநிறம் என்று அடித்துச் சொல்வார். குடத்தை இடுப்பில் வைக்கும் சத்தத்திலேயே உயரம் தெரிகிறதாம். அந்தம்மா குள்ளம், நல்ல சிவப்பு என்று சொன்ன ஒருவரை, கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை எங்கே பார்த்தாய் என்று மடக்கினார். டூயட் வரும்போது வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் விடுவார், தக்காளி ஏற்றிய டெம்போ எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டும். பாத்திரம் வீசும் காட்சியில் பிரேக்கை லேசாக ஒரு மிதி மிதிப்பார், எங்கள் சாப்பாட்டு டப்பாக்களும் சேர்ந்து உருளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இம்சை அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி. பஸ் முழுக்க அதில் தெரியும். ரோட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டுவார். வாத்து வரும் இடத்தில் ஒருவரும் தூங்கக் கூடாது.

"டே ஸ்டோர்ஸு, வாத்து வருது, எந்திரி."

ஸ்டோர்ஸ் என்பது நான்தான். எத்தனையோ நல்ல கனவுகளின் நடுவில் அந்தக் குரல் வந்து விழுந்திருக்கிறது. டிரைவரை மாற்றச் சொல்லி மேலே புகார் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.

ஒருநாள் சூளகிரிக்கு முன்னால் ஒரு போக்குவரத்து அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். வண்டிப் பேப்பர் பார்க்க ஏறியவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கீழே ஜீப்பில் இருந்தவர்கள் ஹார்ன் அடித்ததும் பிரிய மனமில்லாமல் இறங்கினார். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே கை. டாக்கீஸ் பேப்பரை எடுக்கக் குனிந்தார்.

"அது இருக்கட்டும்ப்பா. அந்தம்மா தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

தண்ணீர் விஷயத்தில் எங்கள் மாவட்டத்தில் யாரும் நடுவில் நிற்பதில்லை. பஸ்ஸும் இரண்டாகப் பிரிந்தது. ஆம்பளைக் கட்சிக்குச் சண்முகம் தலைவன். பெண்கள் கட்சிக்குத் தலைவி கௌரம்மா. வேப்பனப்பள்ளியிலிருந்து வீட்டுக்காரர் வண்டியில் கிருஷ்ணகிரி வந்து ஏறுவார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், கம்பெனியில் கன்னடம். மூன்றிலும் அவரை ஜெயித்தவர் கிடையாது. கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புகிறவர்.

"அவளுக்குத் திமிருங்க. வாயத் தொறந்து ஒரு கொடம் தண்ணி கேட்டிருந்தா அவன் குடுத்திருப்பான்" என்பான் சண்முகம்.

"கெணத்துக்குப் பூட்டுப் போட்டவன் குடுப்பானா? எந்த ஊர்லய்யா கெணத்துக்குப் பூட்டு போடறாங்க?"

"அதுக்கு முன்னாடி அவ என்னா பண்ணான்னு நீங்க பாக்கல. அப்ப நீங்க பஸ்லயே ஏறல."

"சாயந்திரம் பாத்தனே."

"சாயந்திரம் நீங்க தூங்கறீங்கக்கா."

"நான் கண்ண மூடிகினு கேட்டுட்டு இருந்தன். டாக்கீஸண்ணா பாக்கவே இல்ல, அவரு சொன்னா மட்டும் ஒத்துக்கற."

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சண்முகம் ஒருநாள் அந்த வார்த்தையைச் சொன்னான். அவளுக்கு அந்த வாத்துதான் பொருத்தமான ஜோடி என்றான். கௌரம்மா பதிலே சொல்லவில்லை. பஸ்ஸே பயந்துபோயிற்று. அன்று சண்முகம் பாகங்களை அடுக்கி அனுப்பிய டிரே ஒவ்வொன்றும் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து திரும்பி வந்தது. மத்தியானத்துக்குள் லேத் பக்கம் நடக்க இடமில்லை.

விசாரணை ஹெச்.ஆர். சாரிடம் போயிற்று. அவர் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், பொறுமைசாலி.

"ரெண்டு பேர்க்கும் நடுவுல என்ன பிராப்ளம்?"

"கெணறு சார்" என்றான் சண்முகம்.

"யாவ் கிணறு?"

"இவரு பூட்டின கெணறு சார்" என்றார் கௌரம்மா.

ஹெச்.ஆர். சார் நிலத் தகராறு என்றே எடுத்துக்கொண்டார். சாமல்பட்டிக்கும் வேப்பனப்பள்ளிக்கும் நடுவில் பொதுக்கிணறு எப்படி வரும் என்று போனில் மேப்பை விரித்துப் பார்த்தாராம். வாத்து பேச்சில் வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கோபப்படவில்லை. மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை முதல் புது பஸ். ஏ.சி. உண்டு, சாய்கிற சீட் உண்டு, டிவி கிடையாது. டாக்கீஸே ஓட்டலாம். பழைய பஸ்ஸைக் கர்நாடகப் பக்கம் யாருக்கோ விற்றாயிற்று, உள்ளே இருப்பதெல்லாம் வண்டியோடு போகும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாய்கிற சீட், சத்தமில்லாத பஸ். செய்தியைச் சொல்லி முடித்ததும் டாக்கீஸ் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

"பஸ்ஸு போனா போவுது" என்றார். "கோட்ட யாரு அழிச்சாங்கன்னு தெரியாமலே போவுதே, அதான் ஒருமாதிரி இருக்குது."

அதுவரை பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு கட்சிகளும் அன்றைக்குப் பேசின. யோசனை கௌரம்மாவுடையது. சனிக்கிழமை கடைசி டிரிப். எல்லாரும் அரை மணி முன்னால் வந்து ஏறிவிடுவது. ஓசூருக்கு முன்னால் ரோட்டோரம் லாரிகளுக்கான எடைமேடை ஒன்று இருக்கிறது, காலையில் காலியாகக் கிடக்கும். பஸ்ஸை அங்கே நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், டாக்கீஸைச் சீட்டில் உட்காரவைத்து முடிவைக் காட்டிவிடுவது.

ஷிப்டுக்குப் போகிறவர்களை அரை மணி முன்னால் எழுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். சம்பள உயர்வுக் கூட்டத்துக்கே நாங்கள் நேரத்துக்குப் போனதில்லை. அந்தச் சனிக்கிழமை பனியில் ஒரு ஸ்டாப்பிலும் ஓர் ஆள் குறையவில்லை. கௌரம்மா வீட்டுக்காரர் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவரைக் கொண்டுவந்து விட்டார். நான் என் தூக்கத்தில் அரை மணியை அறுத்துக் கொடுத்தேன். என் வீட்டில் இதை இன்னும் நம்பவில்லை.

 டாக்கீஸ் அன்று டூயட்டில்கூட வேகம் குறைக்கவில்லை. எடைமேடை வந்ததும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"வாண்ணா, வாங்க" என்று கௌரம்மா தன் முன்சீட்டைக் கொடுத்தார்.

அவருக்குப் பயணி சீட்டில் உட்காரத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று விளங்காமல் மடியில் வைத்து, எடுத்து, முன்கம்பியைப் பிடித்தார். வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது. முதன்முதலாகக் கதாநாயகியைப் பார்த்தார்.

"இவங்களா?"

"இவங்கதாண்ணா."

"குள்ளமாத்தான் இருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாதான் இருக்காங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஹெச்.ஆர். சார். ரோட்டோரம் கம்பெனி பஸ் நிற்பதைப் பார்த்து ரிப்பேர் என்று நினைத்து ஓடி வந்து ஏறினார்.

"ஏனாயித்து? ஏன் வண்டி நிந்துருக்கு?"

"குத்கொள்ளி சார்" என்று கௌரம்மா அவர் பாஷையிலேயே உட்காரச் சொன்னார். "மழ வந்துடுச்சி."

சார் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். டூல் பையை நகர்த்திவிட்டு சண்முகம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படத்தில் மழை. அவன் பெட்டியோடு கோட்டுக்கு இந்தப் பக்கம். அவள் அந்தப் பக்கம். பேச்சு இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஈரத்துணியை ஒளித்து வைத்திருக்கிறான். அவளும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். யார் முதலில் குனிவது என்று இரண்டு பேரும் நிற்கிறார்கள். சண்முகம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கௌரம்மா முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். மழையில் தொப்பலாக நனைந்த வாத்து உள்ளே வந்தது. இரண்டு பேரையும் பார்த்தது. ஒரு தடவை கத்தியது. அப்படியே கோட்டின் மேல் உட்கார்ந்து, ஈரவயிற்றை இழுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்து போயிற்று. கோடு இருந்த இடம் தெரியவில்லை.

பஸ் வெடித்தது. இரண்டு கட்சியும் தோற்றுப்போய், தோற்றது தெரியாமல் சிரித்தன. ஹெச்.ஆர். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் விலா பிடித்துக்கொண்டது.

சிரிப்பு அடங்கி டாக்கீஸைப் பார்த்தால், அவர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீட்டில் முட்டி போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்திருந்தது.

"பாத்தீங்களாண்ணா? யாரு அழிச்சதுன்னு பாத்தீங்களா?"

"இல்லப்பா" என்றார். "வாத்து கத்துச்சி. வாத்து கத்தினா உங்க மூஞ்சியப் பாக்கறதே பழக்கமாயிடுச்சி. தன்னால திரும்பிட்டன்."

சண்முகம் தலையில் கைவைத்தான். "அய்யோ அண்ணா. அது வந்து..."

டாக்கீஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "யாரும் சொல்லாதீங்க. நீங்க சொல்லிட்டா அப்பறம் எனக்கு என்னா இருக்குது."

"இதுக்காகத்தானண்ணா இத்தன பேரு பனில வந்தோம்" என்றார் கௌரம்மா. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்கீஸ் காதிலிருந்து கையை எடுத்தார். "அதாம்மா பாத்தன். இத்தன வருசமா அந்த எடத்துல ரெண்டு பேரு சிரிக்கற சத்தம் வரும். நான் கண்ணாடியப் பாப்பன். காலி சீட்டுதான் இருக்கும். இன்னிக்குத்தான் சீட்டு பூரா ஆளு."

சொல்லிவிட்டு எழுந்து போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கேட் வரும்வரை ஹெச்.ஆர். சாரும் பஸ்ஸிலேயே வந்தார். கார் எடைமேடையில் நிற்கிறது என்ற ஞாபகம் அவருக்குப் பஞ்ச் அடிக்கிற இடத்தில்தான் வந்தது.

திங்கட்கிழமை புது பஸ் வந்தது. சீட் சாய்ந்தது. ஏ.சி. குளிர்ந்தது. இரைச்சலே இல்லை. நான் இத்தனை காலம் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. போச்சம்பள்ளி தாண்டி மத்தூர் ரோட்டில் கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. திறந்து பார்த்தால் பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. எல்லாரும் டிவி இருக்க வேண்டிய வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்கீஸ் புதுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தார், அது சரியாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியில் கௌரம்மா ஏறினார். உட்காரவில்லை. நடுப்பாதையில் நின்று சண்முகத்தைப் பார்த்து, இடுப்பில் கைவைத்து, "மிஸ்டர், கிணற்றுச் சாவி எங்கே?" என்றார். படத்தில் அந்த நேரத்துக்கு வரவேண்டிய வசனம் அதுதான். சண்முகம் எழுந்தான். "அடுப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே தேடிப் பாருங்கள்" என்றான். அதன்பிறகு பஸ்ஸை யாராலும் நிறுத்த முடியவில்லை. பின்சீட்டில் புரோக்கர் ஒருவர் முளைத்தார். சூளகிரிக்காரர்கள் டூயட்டை எடுத்துக்கொண்டார்கள். கோடு அழிகிற இடத்துக்கு மட்டும் போவதில்லை. கேன்டீனில் என்ன குழம்பு என்பதைக்கூட ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாத கூட்டம், இதுவரை அந்த ஒன்றை மட்டும் டாக்கீஸிடம் சொல்லவில்லை.

அன்று ஒரு வேஷத்துக்கு மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடியில் டாக்கீஸ் என்னைப் பார்த்தார்.

"டே ஸ்டோர்ஸு, வாத்து வருது, எந்திரி."

எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என்னால் முடிந்தமட்டும் வாத்து மாதிரி கத்தினேன். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்காக, அன்றிலிருந்து தினமும் நான்தான் வாத்து. பஸ்ஸில் தூங்குவதை விட்டுவிட்டேன்.